லூப்பர் இரைகிறதா? எதை மாற்றலாம், எதை விடலாம்

கிட்டாரில் நாலு கார்டு, அதன் மேல் சின்தில் ஒரு சின்ன வரி, அதற்கும் மேல் வாயால் ஒரு தாளம். மூன்றும் லூப்பரில், அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் பெடலில், ஏறிய பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டால் பின்னால் டிக், டிக், டிக் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மெட்ரோனோமை அணைக்க மறந்துவிட்டேன் போல என்று பார்த்தால் அது அணைந்துதான் இருந்தது. அப்புறம் குனிந்து பெடலைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: லூப்பரின் விளக்கு தாளத்துக்கு மினுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த டிக் விழுகிறது. விளக்கு எரியும்போது இழுக்கிற துளி மின்சாரம், அதே அடாப்டரில் தொங்கிக்கொண்டிருந்த டிஸ்டார்ஷன் பெடலை லேசாக உலுக்குகிறது, அந்த உலுக்கலை டிஸ்டார்ஷன் பல மடங்கு பெருக்கி லூப்பருக்கு அனுப்புகிறது, லூப்பர் அதை விசுவாசமாகப் பதிவு செய்துகொள்கிறது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் ஒரு நாய்ஸ் கேட் பெடலும் இரண்டு புதுக் கேபிளும் வாங்கி முடித்திருந்தேன். இரண்டுமே அந்த டிக்கைத் தொடக்கூட இல்லை.

அதனால்தான் இந்த ஒப்பீடு. லூப்பரில் இரைச்சல் வந்தால் செய்யக்கூடிய வேலைகள் ஏழெட்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வகை இரைச்சலுக்கு மட்டும்தான் மருந்து, மற்ற வகைகளுக்கு அது வெறும் செலவு.

முதலில் ஒரு விஷயம். சாதாரண பெடல் இரைந்தால் அந்த நேரத்துக்கு இரையும், அவ்வளவுதான். லூப்பர் அப்படியில்லை. அதன் இன்புட்டுக்கு வந்து சேரும் எல்லாவற்றையும் பதிவு செய்யும், ஒவ்வொரு ஓவர்டப்பிலும், அதாவது ஓடும் லூப்பின் மேல் இன்னொரு தடவை பதியும்போதும், புதிதாக ஒரு அடுக்கு இரைச்சல் பழையதன் மேல் உட்காரும். ‘ஸ்ஸ்’ என்ற ஹிஸ்ஸாக இருந்தால், அடுக்குகள் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். 2 அடுக்குக்கு 3, 4 அடுக்குக்கு 6, 8 அடுக்குக்கு 9. கரண்ட் ஹம் இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சரியாக 8 நொடி லூப் ஒன்று போட்டால் அதற்குள் 400 சுற்று அடங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 480. இப்படி முழு எண்ணாக அமைந்துவிட்டால் அடுத்த சுற்றின் ஹம் முந்தைய ஹம்மின் மேலேயே ஏறக்குறைய பொருந்தி உட்காரும், அப்போது இரட்டிப்புக்கு 6 டெசிபல் வரை ஏறும். மின்சாரத்தின் அலைவெண் கொஞ்சம் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருப்பதால் எப்போதும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் நாலாவது அடுக்கில் அறையே ‘ம்ம்ம்’ என்று முனகுவது போல ஆனதை லூப்பர் வைத்திருக்கிற யாரும் கேட்டிருப்பார்கள்.

இது புது வியாதி ஒன்றும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓடவிட்டு அடுக்கடுக்காக வாசித்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் டேப்பின் ஹிஸ்ஸும் சேர்ந்துதான் சுற்றியது. அந்த முறையில் பழைய சுற்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும், ஹிஸ்ஸும் கூடவே மங்கும். டிஜிட்டல் லூப்பரில் மங்க வைக்கும் வசதியைத் தேடிப்போய் இயக்கினால்தான் உண்டு.

சரி, இதிலிருந்து முடிவுக்கு உதவும் ஒரே கேள்வி வருகிறது: இரைச்சல் லூப்பருக்கு முன்னாலிருந்து வருகிறதா, லூப்பரிலேயே பிறக்கிறதா, பின்னால் சேர்கிறதா? முன்னால் என்றால் அது பெருகும், அங்கேதான் பணமும் நேரமும் போக வேண்டும். பின்னால் என்றால் எத்தனை அடுக்கு போட்டாலும் அளவு மாறாது, அவசரமில்லை. கண்டுபிடிக்க எதுவும் வாங்க வேண்டாம். எதுவுமே வாசிக்காமல் ஒரு 10 நொடி வெற்று லூப் பதிவு செய்யுங்கள், ஓவர்டப்பை இயக்கி அதன் மேலேயே ஐந்தாறு சுற்று ஓடவிடுங்கள், பிறகு ஓவர்டப்பை நிறுத்தி, இன்புட் கேபிளைப் பிடுங்கிவிட்டு லூப்பை மட்டும் கேளுங்கள். இரைச்சல் ஏறியிருந்தால் அது பதிவுக்குள் போன இரைச்சல். லூப்பை நிறுத்தினாலும் அதே அளவில் கேட்டால் அது லூப்பருக்குப் பின்னால், அல்லது அதன் அவுட்புட்டில். பதிவில் இருக்கிறது என்று தெரிந்தால் அதே சோதனையை இன்னொரு முறை, இந்தத் தடவை ஆரம்பத்திலிருந்தே இன்புட்டில் எதையும் சொருகாமல் செய்யுங்கள். அப்போதும் ஏறினால் லூப்பரோ அதன் மின்சாரமோதான் காரணம், ஏறாவிட்டால் முன்னாலிருந்து வந்தது. மொத்தம் பத்து நிமிட வேலை. நான் இதைச் செய்யாமல்தான் கேட் வாங்கினேன்.

காதும் கொஞ்சம் உதவும். அடித்தொண்டையில் முனகினால் கரண்ட் ஹம், அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (கீழே வருகிறேன்) அல்லது கிட்டாரின் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். வண்டு போல் கரகரவென்று இருந்தால் அதன் இரட்டிப்பும் அதற்கு மேலும், அதாவது 100, 200 என்று ஏறும் சங்கதிகள், அடாப்டரைச் சந்தேகப்படலாம். மெல்லிய ‘ஈஈ’ என்ற விசில் டிஜிட்டல் கடிகாரம் அல்லது யுஎஸ்பி. யுஎஸ்பி விசிலுக்கு ஒரு அடையாளம் உண்டு: ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பி மில்லி நொடிக்கு ஒரு முறை துடிப்பதால் 1 கிலோ ஹெர்ட்ஸில் கத்தும், ஹை ஸ்பீடு என்றால் 8 கிலோ ஹெர்ட்ஸில். வெறும் ‘ஸ்ஸ்’ என்றால் கெயின் தப்பு. லூப் திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு ‘டக்’ என்றால் அது இரைச்சலே இல்லை, வேறு கதை, கீழே வருகிறேன்.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

பவர் சப்ளையை மாற்றுவது. என் ஓட்டு முதலில் இதற்குத்தான். ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து வால் கிளம்பும் டெய்சி செயின் கேபிளில் எல்லா பெடலும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாம் பழைய அனலாக் பெடலாக இருந்த வரைக்கும் இது பெரிய பிரச்சினையில்லை, அவை சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். லூப்பர் உள்ளே ஒரு குட்டிக் கணினி, அது நூற்றுக்கணக்கில் இழுக்கும், அதுவும் சீராக இழுக்காது, விட்டு விட்டு இழுக்கும். அந்தத் துடிப்பெல்லாம் பக்கத்து பெடலுக்குள் விசிலாகவும் டிக்காகவும் போய்ச் சேரும். இதற்கு இரண்டு வழி. எல்லா அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் பவர் சப்ளை ஒன்று வாங்கலாம், அல்லது லூப்பருக்கு மட்டும் தனியாக ஒரு அடாப்டர் கொடுத்துவிட்டு மற்றவை பழைய செயினிலேயே இருக்கட்டும் என்று விடலாம். மூன்று நான்கு பெடல் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழியே போதும், செலவும் கால்வாசி ஆகாது. என் டிக் போனது அப்படித்தான்.

வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எட்டு ஓட்டை இருப்பதாலேயே ஒரு பெட்டி ஐசொலேட்டட் ஆகிவிடாது, உள்ளே எட்டையும் ஒன்றாகப் பின்னிய பெட்டிகள் ஏராளம், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் நொடியில் தெரிந்துவிடும். பெட்டியை மின்சாரத்திலிருந்து எடுத்துவிட்டு, பெடல் எதுவும் மாட்டாமல், இரண்டு கேபிளின் நடு முனைகளை கண்டினியூட்டி சோதனையில் தொடுங்கள். பெரும்பாலான பெடல்களில் நடு முனைதான் நெகட்டிவ், அதாவது கிரவுண்ட். பீப் அடித்தால் அது ஐசொலேட்டட் இல்லை, விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அதோடு லூப்பர் கேட்கும் மில்லி ஆம்பியரை அந்த அவுட்புட் தருகிறதா என்றும் பாருங்கள். குறைவாக இருந்தால் இரைச்சலோடு, பதிவின் நடுவே லூப்பர் தானாக ரீஸ்டார்ட் ஆகி மூன்று நிமிட உழைப்பைத் துடைத்துவிட்டுச் சிரிக்கும். ஆம்பியர் கூடுதலாக இருப்பது பரவாயில்லை, வோல்ட் கூடினால் லூப்பர் காலி.

கிரவுண்ட் லூப்பை வெட்டுவது. லூப்பர் ஒரு பக்கம் கிட்டார் ஆம்ப்புக்கும் இன்னொரு பக்கம் மிக்சருக்கும் போகிறது, அல்லது லேப்டாப்போடு யுஎஸ்பியிலும் ஸ்பீக்கரோடு ஆடியோ கேபிளிலும் இணைந்திருக்கிறது என்றால், இரண்டு எர்த்துக்கு நடுவே ஒரு வளையம் உருவாகி அதில் ஹம் ஓடும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் சட்டென்று அமைதியாகிறதா? அப்போது சந்தேகமே வேண்டாம், இதுதான். இலவச மருந்து முதலில்: எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். பாதி வீட்டு ஹம் இதிலேயே அடங்கிவிடும். யுஎஸ்பி கேபிள் ஃபைல் மாற்றுவதற்காக மட்டும் என்றால் வாசிக்கும்போது அதைக் கழற்றி வையுங்கள், எத்தனை பேர் அதை மாட்டியபடியே வாசித்துவிட்டு விசில் வருகிறது என்று புலம்புகிறார்கள் தெரியுமா, நானும் அதில் ஒருவன்.

அடங்கவில்லை என்றால் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு தேர்வு. ஒன்று டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) அல்லது கிரவுண்டைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், மற்றது அதே வேலையை யுஎஸ்பி கேபிளில் செய்யும் யுஎஸ்பி ஐசொலேட்டர். நான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். யுஎஸ்பி ஐசொலேட்டர் கேட்க அழகாக இருக்கும், ஆனால் மலிவான பெட்டிகள் பெரும்பாலும் ஃபுல் ஸ்பீடு, அதாவது நொடிக்கு 12 மெகாபிட்தான் கடத்தும். இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் 480 மெகாபிட் ஹை ஸ்பீடை எதிர்பார்க்கின்றன, குறைந்த வேகத்தில் ஒன்று வேலையே செய்யாது, இல்லை பாதி சேனலோடு நிற்கும். ஹை ஸ்பீடு ஐசொலேட்டர் கிடைக்கிறது, விலை தலைசுற்ற வைக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை, மின்சாரமே கேட்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், நாளைக்கு லூப்பரை மாற்றினாலும் பயன்படும். அதன் குறை, மலிவான டிரான்ஸ்ஃபார்மரில் சத்தமான அடி பாஸ் கொஞ்சம் கலங்கும், சப் பாஸ் சின்த் வாசிப்பவர் நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று, யுஎஸ்பியோடு சேர்ந்து வரும் விசிலுக்கும் பெரும்பாலும் இதுவே போதும், ஏனென்றால் அந்த விசில் சுற்றி வருவதும் ஆடியோ கேபிளின் கிரவுண்ட் வழியாகத்தான்.

மூன்றாவதாக ஒரு தேர்வும் சிலர் சொல்வார்கள்: பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு, ஹம் போய்விடும். போகும். ஆம்ப்பில் ஏதாவது கோளாறு வரும் நாளில் அந்த மின்சாரம் போக வேறு வழியில்லாமல் கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கும், மைக் வழியாக உதட்டுக்கும் வரும். டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் வேறு, அது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும் பிரிக்கிறது, பயமில்லாமல் அழுத்தலாம். எர்த் பின்னைத் தொடாதீர்கள்.

நாய்ஸ் கேட். விற்பனையில் இதுதான் முதலில் கண்ணில் படும், ‘நாய்ஸ்’ என்று பெயரிலேயே இருக்கிறதே. கேட் செய்வது ஒன்றே ஒன்று: ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கதவை மூடும். நீங்கள் வாசிக்கும்போது கதவு திறந்திருக்கும், இரைச்சலும் கூடவே வரும். ஸ்டக்காட்டோவாக வெட்டி வெட்டி வாசிப்பவருக்கும் பீட்பாக்ஸ் செய்பவருக்கும் அருமையான கருவி. நீளமாக இழுக்கும் பேட், டிரோன், ஆம்பியன்ட் வகை ஆட்களுக்குக் கதவு மூடவே நேரம் வராது, அல்லது மூடும்போது குறிப்பின் வாலை நறுக்கும்.

வைக்கும் இடம் இன்னும் முக்கியம். லூப்பருக்குப் பின்னால் வைத்தால் லூப் ஓடும் வரை கேட் திறந்தே கிடக்கும், அடுக்குகளில் ஏறிய இரைச்சல் எல்லாம் ஜாலியாக வெளியே போகும், லூப்பில் இடைவெளி வரும் இடத்தில் மட்டும் சடக்கென்று மூடி, இருந்த கொஞ்ச ரிவர்பையும், அதாவது எதிரொலி வாலையும், கடித்துவிடும். முன்னால், அதாவது டிஸ்டார்ஷனுக்கும் லூப்பருக்கும் நடுவே வைத்தால், நீங்கள் வாசிக்காத நேரத்து இரைச்சல் பதிவாகவே ஆகாது. கேட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே வையுங்கள். ஆனால் அதற்கு முன் காசில்லாத கேட் ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது: வாசித்து முடித்த உடனே ஓவர்டப்பிலிருந்து வெளியே வந்துவிடுவது. நிறையப் பேர் அடுத்து என்ன வாசிக்கலாம் என்று யோசிக்கும் நேரமெல்லாம் ஓவர்டப்பை இயக்கியபடியே விட்டுவிடுகிறார்கள். சிவப்பு விளக்கு எரியும் ஒவ்வொரு சுற்றும், நீங்கள் சும்மா நின்றாலும், ஒரு அடுக்கு ஹிஸ்.

கெயின், கேபிள், பிக்கப். ஹிஸ்ஸுக்கு மருந்து பெரும்பாலும் இங்கேதான். லூப்பருக்கு ஒலி மெலிதாகப் போய், பின்னால் மிக்சரில் அதைத் தூக்கினால் ஒலியோடு லூப்பரின் சொந்த ஹிஸ்ஸும் தூக்கப்படும். முன்னாலேயே போதுமான அளவு கொடுத்துவிடுங்கள், மீட்டர் இருந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், ஏனென்றால் அடுக்குகள் சேரச் சேர மேலே இடம் தேவைப்படும். சின்தை கிட்டார் இன்புட்டிலும் கிட்டாரை லைன் இன்புட்டிலும் மாட்டுவது இன்னொரு பழைய தவறு. கிட்டாருக்கு ஏறக்குறைய 1 மெகாஓம் இன்புட் வேண்டும், லைனில் மாட்டினால் ஒலி மந்தமாகி, சன்னமாகி, நீங்கள் கெயினை ஏற்ற, ஹிஸ்ஸும் ஏறும். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ஹம் காற்றிலிருந்தே வருகிறது, அதற்கு எந்த அடாப்டரும் பதில் சொல்லாது. கிட்டாரோடு அப்படியே உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் ஹம் குறையும், அங்கே நின்று பதிவு செய்யுங்கள். ஹம்பக்கர் பிக்கப் 1950களில் பிறந்ததே இந்த முனகலைத் தொலைக்கத்தான், பெயரே அதைத்தான் சொல்கிறது. கேபிளைப் பொறுத்தவரை, ஆட்டினால் கரகரவென்றால் மாற்றுங்கள், இல்லையென்றால் விலை உயர்ந்த கேபிளால் ஹம் போகும் என்று நம்ப வேண்டாம்.

லூப் திரும்பும் இடத்து ‘டக்’. இதற்கு எதுவும் வாங்காதீர்கள். லூப் முடியும் நொடியில் ஒலியலை ஓர் உயரத்தில் இருக்கிறது, ஆரம்பத்தில் வேறு உயரத்தில், நடுவே ஒரு தாவல், அந்தத் தாவல்தான் டக். பல லூப்பர்கள் ஓரங்களை லேசாக மங்க வைத்து இதை மறைக்கின்றன, உங்களுடையதில் அந்த அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பழக்கம் உதவும். முதல் பதிவு முடியும்போது நேராகப் பிளேக்குப் போகாமல் ஓவர்டப்புக்குப் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள், அமைப்பு இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள், நிறைய மாடல்களில் உண்டு. அப்போது கடைசிக் குறிப்பின் வால் லூப்பின் தொடக்கத்தில் வந்து பதிந்து தையலை மூடிவிடும். ரிவர்பை லூப்பருக்குப் பின்னால் வைத்தாலும் இதே நன்மை, வால் வெட்டுப்படவே செய்யாது. மைக்கில் பாடுபவர் என்றால் டக் என்பது உங்கள் காலே கூட இருக்கலாம், ஸ்விட்ச்சை மிதிக்கும் சத்தம் மைக் ஸ்டாண்டு வழியாக ஏறுகிறது. ஸ்டாண்டுக்குக் கீழே தடிமனான துணி, மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் லோ கட், வேலை முடிந்தது.

கணினியில் லூப் செய்பவருக்கு வரும் கரகரப்பு பெரும்பாலும் மின்சாரமே இல்லை, பஃபர் போதாமை, அதாவது ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் போதவில்லை. 44.1 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 2.9 மில்லி நொடிதான். 256க்கு ஏற்றினால் 5.8, வாசிப்பவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது, கரகரப்பு போகும். இதற்கு ஐசொலேட்டர் வாங்கியவரை நான் பார்த்திருக்கிறேன், பாவம்.

மென்பொருளில் சுத்தம் செய்வது மேடைக்கு உதவாது, வெளியிடப்போகும் பதிவுக்கு நன்றாகவே உதவும். நிபந்தனை, அடுக்குகள் தனித்தனி டிராக்காக இருக்க வேண்டும், கூடவே வாசிக்காத வெற்று இரைச்சல் ஒரு ஐந்து நொடி. மென்பொருள் அதைப் பார்த்துத்தான் எதைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். எல்லாம் ஒன்றாகக் கலந்த ஸ்டீரியோ ஃபைலைக் கொடுத்து அழுத்திச் சுரண்டினால் இரைச்சலோடு சிம்பலின் மினுமினுப்பும் போய், தண்ணீருக்கடியில் பாடுவது போலாகிவிடும்.

கடைசியாக, லூப்பரையே மாற்றுவது. இதற்கு நான் ஒத்துக்கொள்வது ஒரே நிலையில்: இன்புட்டில் எதுவும் இல்லாமல், தனி அடாப்டரில், யுஎஸ்பி கழற்றிய நிலையில், ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்போதும் இரைகிறது என்றால். அப்போதும் ஒரு படி பாக்கி இருக்கிறது, பேட்டரி போடும் மாடல் என்றால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பவர் பேங்க்கில் 5 வோல்ட்டை 9 ஆக்கும் கேபிள் வைத்துச் சோதிப்பவர்கள் கொஞ்சம் கவனம், அந்தக் கேபிளின் உள்ளே இருக்கும் கன்வர்ட்டரே விசில் அடிக்கும் சாதி, அதை வைத்து லூப்பருக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பேட்டரியிலும் அதே இரைச்சல் என்றால் சரி, பெட்டிதான் காரணம், தாராளமாக மாற்றுங்கள்.

என்னிடம் இப்போது இருப்பது லூப்பருக்கு ஒரு தனி அடாப்டர், மிக்சருக்குப் போகும் வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் டிஐ. முதல் சுற்றில் கொஞ்சம் ஹிஸ் இன்னமும் இருக்கிறது, காதை வைத்துத் தேடினால் கேட்கும். அன்றைக்கு வாங்கிய கேட் பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது, பீட்பாக்ஸ் செய்யும் நண்பன் ஒருவன் அதன் மேல் கண் வைத்திருக்கிறான்.